சயாமுக்கு ஆள் சேர்க்க நான் எழுதிய படம்

மேசைமேல் ஆறு புட்டிகள் வரிசையாக இருந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளை. மூடி திறக்காத வர்ணப் புட்டிகள்.

"எடுத்துப் பாக்கச் சொல்றாரு," என்றார் பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர்.

சிவப்பை எடுத்துத் திறந்தேன். கிராம்பு போல லேசாக ஒரு வாடை. ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து நான் முகராத வாடை அது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பசிகூட மறந்துபோனது.

மேசைக்குப் பின்னால் ஜப்பானிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். இளவயசுதான். கழுத்தெல்லாம் வேர்க்குரு. மர ஸ்கேலால் அதைச் சொறிந்துகொண்டே பேசினார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்:

"சயாமில ரயில் பாதை போடறாங்க. அதுக்கு ஆள் வேணும். தோட்டத்து ஜனங்க பாத்த உடனே லாரியில ஏறணும், அந்த மாதிரி ஒரு படம் எழுதணுமாம். ஒரு ஆம்பளை, நல்லாக் குண்டா. முன்னாடி எலை நெறைய சோறு. பின்னாடி பொண்டாட்டி சிரிச்சுக்கிட்டு நிக்கணும். பன்னெண்டு படம். ஆறு நாள்ல."

நான் புட்டியை மூடினேன். என் அண்ணன் வேலாயுதம் அதே சயாமுக்குப் போய் அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஒரு சேதியும் இல்லை.

மூட்டையில் பழகிய கை

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜோகூரில் பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அண்ணன் பால் வெட்டினார். எனக்கு ரப்பரைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை. கப்பலேறும் ரப்பர் மூட்டைகளில் தோட்டத்தின் பெயரையும் எண்ணையும் போடுவது என் பொறுப்பு.

தகரத்தில் எழுத்தை ஓட்டையாக வெட்டி, மூட்டைமேல் வைத்து, கறுப்பு மையைப் பிரஷால் ஒத்த வேண்டும். கேட்க எளிது. வட்டமான எழுத்தை வெட்டும்போது நடுத்துண்டு கையோடு கழன்று விழுந்துவிடும். அது விழாமல் இருக்க எங்கே ஒரு சின்னப் பாலம் விடுவது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதமாயிற்று. யாரும் சொல்லித் தரவில்லை. விழ விழத் தெரிந்துகொண்டேன்.

ஸ்கூடாயில் படிக்கும் என் பேத்தி, நான் செய்ததற்குப் பெயர் கிராபிக் டிசைன் என்கிறாள். "தாத்தா, நீங்க அப்பவே டிசைனர் லா!" என்கிறாள். நாங்கள் அதை எழுத்து வேலை என்போம். பெயர் எதுவானால் என்ன, அதில் ஜோகூரில் எனக்கு மேல் ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு முழுக்கப் போகவில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லை. புகைக்கூடம் அணைந்தது. மரவள்ளிக்கிழங்குதான் காலை, அதுதான் மாலை. சயாமுக்கு ஆள் எடுப்பதாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னபோது அண்ணன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். "மூணு மாசம்தானே தம்பி. அரிசி போடறானாம். அம்மாவுக்கும் கொஞ்சம் வரும்," என்றார். அடுத்த வாரம் லாரியில் ஏறிப் போனார்.

இரண்டு மாதம் கழித்து நான் இந்தியாவின் விடுதலைக்காகச் சேர்த்த படையில் சேர்ந்தேன். தேசபக்தி இருந்தது, மறுக்கவில்லை. படைச் சட்டை போட்டவனை லாரியில் ஏற்ற மாட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

துப்பாக்கி ஒன்று, ஆள் முந்நூறு

குளுவாங் போகும் வழியில் இருந்தது எங்கள் முகாம். ஆள் முந்நூறு பேர் இருந்தோம். பயிற்சிக்கு ஒரே ஒரு யந்திரத் துப்பாக்கி. மற்றவர்களுக்கு ரப்பர் மரத்தில் செதுக்கிய கட்டைத் துப்பாக்கி.

பாடம் எடுத்தவர் சுபேதார், பஞ்சாப்காரர். ஆறடி ஆள். அந்தத் துப்பாக்கியைக் கழற்றி ஒவ்வொரு பாகத்தையும் இந்துஸ்தானியில் சொல்வார். நாங்கள் பால்மரக் காட்டிலிருந்து வந்தவர்கள். புரிந்ததா என்பதற்கு "சமஜ் கயா?" என்று அவர் கத்துவார். "கயா சாப்!" என்று நாங்களும் கத்துவோம். ஒருவனுக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடுப்புக்கரி ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பலகைச் சுவரில் அந்தத் துப்பாக்கியை ஆள் உயரத்துக்கு வரைந்தேன். உள்ளே இருப்பதும் தெரிகிற மாதிரி, பாகம் பாகமாகப் பிரித்து வரைந்தேன். பெயர்களைத் தமிழில் எழுதினேன். தோட்டா அடைப்பதைக் கூடு என்றும், பின்னால் அடித்து மூடுவதைத் தாழ்ப்பாள் என்றும், சுடும் இடத்தை விசை என்றும் போட்டேன். பையன்கள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து பார்த்தார்கள். "அட, தாழ்ப்பாளா இது! இதுக்கா அந்த மனுசன் அந்தக் கத்து கத்துனாரு!"

சிரிப்புச் சத்தம் கேட்டு சுபேதார் வந்துவிட்டார். சுவரைப் பார்த்தார். முகம் சிவந்தது. அரசாங்கச் சுவரில் கரி பூசியதற்கு முதுகில் விழும் என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவனிடம் துப்பாக்கியைக் காட்டிக் கழற்றச் சொன்னார். அவன் சுவரைப் பார்த்துப் பார்த்துக் கழற்றினான். திரும்பவும் மாட்டினான். ஒரு பாகம்கூட மிஞ்சவில்லை.

மறுநாள் முதல் எனக்குக் காலை அணிவகுப்பு மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் படம். துப்பாக்கிப் படம், குறிபார்க்கும் பலகை, காட்டுப் பாதை வரைபடம், முகாமின் வாசலில் கொடி. சுடுவதிலும் நான் மோசமில்லை. ஆனால் சுடுவதற்கு ஆள் இருந்தார்கள், வரைவதற்கு நான் ஒருத்தன்தான்.

காகிதம் கிடையாது. தோட்டத்துத் துரை விட்டுவிட்டு ஓடிய நில வரைபடங்களின் பின்பக்கம்தான் காகிதம். வர்ணமும் கிடையாது. விளக்குக் கரி கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளை, செம்மண் சிவப்பு, துணிக்குப் போடும் நீலமே நீலம். மஞ்சளை மட்டும் நம்ப முடியாது, வெயில் பட்டால் ரெண்டு நாளில் வெளுத்துவிடும். எல்லாவற்றையும் மரவள்ளி மாவுக் கஞ்சியில் குழைப்பேன். எறும்பு வந்து படத்தைத் தின்னும். ராணுவத்தில் எறும்போடு சண்டை போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் படங்களைப் பற்றிய பேச்சு வெளியே போனது. அப்படித்தான் ஜப்பானியரின் ஆள் சேர்ப்பு அலுவலகம் என்னை இரவல் கேட்டது.

சுபேதார் சொன்னதும் சொல்லாததும்

வர்ணப் புட்டிகளோடு அலுவலகத்தை விட்டு வெளியே வந்தேன். வெயிலில் சுபேதார் காத்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவர் எங்களோடு பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவார்.

"சாப், இந்தப் படம் நான் எழுத மாட்டேன்," என்றேன்.

அதற்குக் காரணம் இருந்தது. சாஆ என்ற ஊர்ப்பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் சயாமிலிருந்து தப்பி வந்து, சீனர் காய்கறித் தோட்டத்தில் ஒளிந்திருந்தார். நான் போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே புண், எலும்பு தெரிந்தது. அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "அங்க யாரு யாரைத் தேடறது தம்பி? காய்ச்சல்ல செத்தவனை எரிக்கிறதுக்கு ஆள் கெடையாது. காலையில எரிச்சவன் சாயந்திரம் விழுறான்," என்றார்.

இதையெல்லாம் சுபேதாரிடம் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார்.

"நமக்கு அரிசி அவன் குடுக்கிறான். நான் இல்லே சொன்னா, உன்னை இழுத்துட்டுப் போவான். வேற ஆள் வச்சு எழுதுவான்." பிறகு என் கையிலிருந்த புட்டிகளைப் பார்த்தார். "நீ எழுது. என்ன எழுதணும்னு அவன் சொல்லிட்டான். எப்படி எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு வேகமாக நடந்துபோனார்.

இலையும் நெற்றியும்

ஒரு நாள் முழுக்க நான் பிரஷைத் தொடவில்லை. மூலையில் உட்கார்ந்து யோசித்தேன். படத்தின் கீழே வரும் வாசகம் அதிகாரி சொன்னபடிதான் இருக்க வேண்டும். அதில் கை வைக்க முடியாது. படத்தில்தான் ஏதாவது செய்ய வேண்டும். தமிழன் பார்த்தால் வயிறு கலங்க வேண்டும், ஜப்பான்காரன் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும்.

இரண்டாம் நாள் தொடங்கினேன்.

நல்ல வாட்டசாட்டமான ஆள். கன்னம் பளபளவென்று. மீசையை முறுக்கிவிட்டேன். முன்னால் வாழையிலை, அதில் மலைபோலச் சோறு. இலையின் நுனியை மட்டும் அவனுக்கு வலப்பக்கம் வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தவனுக்கு நுனி இடப்பக்கம் வர வேண்டும் என்பது நமக்குச் சின்னப் பிள்ளையிலேயே தெரியும். வலப்பக்கம் வைப்பது செத்தவருக்குப் படைக்கும்போது. இலையின் தலைமாட்டில் ஒரு சின்ன அகல் விளக்கு ஏற்றினேன். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர்.

பின்னால் மனைவி. நல்ல லட்சணமாக, சிரித்த முகமாக வரைந்தேன். நெற்றியில் பொட்டு வைக்கவில்லை. தலையில் பூ வைக்கவில்லை. கழுத்தில் ஒரு கயிறுகூடப் போடவில்லை.

எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். நல்ல வேலை என்று மனசு சொன்னது. பயமும் கூடவே வந்தது.

பழைய புகைக்கூட வித்தைதான் மீதிக்குக் கைகொடுத்தது. அட்டையில் உருவத்தை வெட்டிக்கொண்டு பன்னிரண்டு படத்தையும் ஐந்தே நாளில் முடித்தேன்.

வாத்தியார் சொன்ன பதில்

மொழிபெயர்ப்பாளரின் பெயர் சவரிமுத்து. சண்டைக்கு முன்னால் தோட்டப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். ஜப்பானியப் பாஷையை ஆறே மாதத்தில் படித்து, இந்த வேலைக்கு வந்திருந்தார். தோட்டத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. ஜப்பான்காரன் நிழல் என்பார்கள்.

அதிகாரி முதல் படத்தை விரித்தார். வாய் விரிந்தது. சோற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார்.

"அவருக்கே பசிக்குதாம்," என்றார் வாத்தியார். அவரும் குனிந்து பார்த்தார். பார்வை இலையில் நின்றது. அங்கிருந்து விளக்குக்குப் போனது. பெண்ணின் முகத்துக்கு வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் கையைச் சட்டையில் துடைத்தேன்.

அப்போது அதிகாரி மர ஸ்கேலை எடுத்து அந்தப் பெண்ணின் நெற்றியில் வைத்தார். தட்டினார். ஏதோ கேட்டார். வாத்தியார் உடனே மொழிபெயர்க்கவில்லை. ஆனால் எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. நம் பெண்கள் நெற்றியில் சிவப்பு இருக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது!

சவரிமுத்து வாத்தியார் பேச ஆரம்பித்தார். நிதானமாக, நீளமாகப் பேசினார். நடுவில் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சிரித்து, வாத்தியார் தோளில் ஸ்கேலால் ஒரு தட்டுத் தட்டி, படங்களைச் சுருட்டச் சொன்னார்.

வாசல் வரைக்கும் வாத்தியார் என்னோடு வந்தார்.

"என்ன வாத்தியாரே சொன்னீங்க?"

"என் சம்சாரம் மாதிரி சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொம்பளை, அவங்க பொட்டு வைக்க மாட்டாங்கன்னு சொன்னேன். எல்லா ஜாதி ஜனமும் சயாமுக்கு வரலாம்னு காட்டறதுக்காக நீ யோசிச்சு எழுதினதா சொன்னேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் வேதக்காரன்தான். ஆனா எலை எந்தப் பக்கம் போடறதுன்னு எனக்கும் தெரியும் தம்பி," என்றார். "சீக்கிரம் போ. அந்தாளு இன்னொரு தடவை பாக்க வேணாம்."

லாரி வந்த நாள்

எங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் படம் ஒட்டியபோது நான் அங்கே இல்லை. அஞ்சலை அக்கா பிறகு சொன்னார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் அவர் கடைசி வீடு.

"காலையில பெரட்டுக்குப் போறோம், சுவத்துல இது. எல்லாரும் சோத்தைப் பாத்தாங்க. நான் அவளைப் பாத்தேன். 'அடியே, தாலி அறுத்தவ நிக்கிறாடி!'ன்னு கத்திட்டேன். அப்புறம்தான் எலையைப் பாத்தோம். எந்தப் பாவி எழுதினான்னு திட்டுனோம். திட்டி முடிச்சப்புறம்தான் புரிஞ்சுது."

அன்று சாயங்காலத்துக்குள் வாலிபர்கள் பாதிப்பேர் லயத்தில் இல்லை. சிலர் காட்டோரச் சீனர் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலர் எங்கள் முகாம் வாசலுக்கே வந்து பெயர் கொடுத்தார்கள். லாரி வந்தபோது அதில் ஏறியது நான்கு பேர்.

இதை நான் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் முழுசையும் சொல்லிவிட வேண்டும். சாஆ பக்கம் படமே ஒட்டவில்லை. ஒரு நாள் லாரியைக் குறுக்கே நிறுத்தி, கையில் அகப்பட்டவரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தப் படமும் அதைத் தடுத்திருக்காது.

பாலோ கடைத்தெரு

ஜப்பான்காரன் சரணடைந்தான். வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நடுவில் சில வாரங்கள் கேட்பாரில்லாமல் கிடந்தது நாடு. முகாமைக் கலைத்தார்கள். சட்டையிலிருந்த சின்னங்களைப் பிடுங்கிவிட்டு நான் பாலோவுக்கு நடந்து வந்தேன்.

ரயில் நிலையத்துக்கு எதிரே கூட்டம். சீனர் காப்பிக்கடைத் தூணில் சவரிமுத்து வாத்தியாரைக் கட்டி வைத்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. மண்வெட்டிக் கட்டையோடு முன்னால் நின்றவன் காத்தமுத்து. எங்கள் தோட்டத்தான். அவன் தம்பியும் என் அண்ணன் போன அதே லாரியில் போனவன்.

"நிறுத்து காத்தமுத்து! அவரால இங்க எத்தனை பேர் தப்பிச்சாங்க தெரியுமா?" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். படத்தின் கதையைச் சொன்னேன்.

"ஆ! அப்ப ஜப்பான்காரனுக்குப் படம் எழுதுனவன் நீதானா?" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். "இவனையும் சேத்துக் கட்டுங்கடா!"

"நம்பலைன்னா பாரு," என்றேன்.

காப்பிக்கடை அடுப்படியில் கரி இருந்தது. ஒரு துண்டை எடுத்து, கடையின் கதவுப் பலகையில் வரைய ஆரம்பித்தேன். "அலமாக்!" என்று கடைக்காரத் தவுக்கே தலையில் கை வைத்தார். பன்னிரண்டு தடவை எழுதிய படம். ஆள், மீசை, சோறு, நுனி திரும்பிய இலை, விளக்கு, பெண். அவள் சிரிப்பை முடிப்பதற்குள் கூட்டம் அடங்கிவிட்டது.

"இதேதான்," என்றார் அஞ்சலை அக்கா. கூட்டத்தில் அவர் நின்றதை நான் அப்போதுதான் பார்த்தேன். "காத்தமுத்து, ஒன் மச்சான் இன்னிக்கு உசுரோட இருக்கான்ல? இதைப் பாத்துட்டுத்தானே ஓடுனான்? இந்த வாத்தி அன்னிக்கு வாயைத் தொறந்திருந்தா படம் எழுதுனவன் தலையே போயிருக்கும்."

காத்தமுத்து கட்டையை இறக்கவில்லை. "அப்ப என் தம்பி? மொத லாரியில பேரு வாசிச்சு ஏத்துனது யாருன்னு கேளு இவனை."

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் அன்று நம்பியிருப்பார்கள்.

"நான்தான் வாசிச்சேன்," என்றார் வாத்தியார். "முப்பத்தொரு பேரு. எனக்கு அப்ப தெரியாது. தெரிஞ்சப்புறம் செஞ்சது இந்த ஒண்ணுதான்."

என் கையில் கரி இருந்தது. முப்பத்தொரு பேரில் ஒருவர் வேலாயுதம். லாரிப் பலகையைப் பிடித்து ஏறிய அண்ணன் திரும்பிச் சிரித்தது எனக்குத் தெரியும். பெயரை வாசித்தது யார் என்று நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை, அதன்பின் நினைத்ததும் இல்லை.

கரியைக் கீழே போட்டேன். பிறகு போய்க் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. யாரும் தடுக்கவில்லை. காத்தமுத்து கட்டையைக் கீழே போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் ரயில் பாதையோரமாக நடந்து போனான்.

முதல் பலகை

அண்ணன் வரவில்லை. சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் வந்து முடிந்தபின் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனுக்காகத் தலை முழுகினார்.

வாத்தியாருக்கு எந்தப் பள்ளியிலும் வேலை கொடுக்கவில்லை. எனக்கும் புகைக்கூடத்துக்குத் திரும்ப மனசில்லை. குளுவாங்கில் கடைகள் திறக்க ஆரம்பித்திருந்தன. எல்லாருக்கும் புதுப் பலகை வேண்டும். ஜப்பானிய எழுத்தை அழித்துவிட்டுத் தமிழ், சீனம், மலாய், இங்கிலீஷ் எழுத வேண்டும். கை எனக்கு இருந்தது. நாலு பாஷை வாத்தியாருக்கு இருந்தது. நான்தான் போய்க் கேட்டேன்.

"என்னோடயா?" என்றார்.

"வேற யாரு இருக்கா?" என்றேன்.

அதுதான் என் தொழிலின் தொடக்கம். பிறகு சோப்பு உறை, சினிமாத் தட்டி, ஊறுகாய் லேபிள் என்று எத்தனையோ செய்துவிட்டேன். முதல் வேலை ஒரு முடிவெட்டும் கடை. காலை வெயில். பலகையை இரண்டாவது மாடிச் சன்னலுக்குக் கீழே ஆணியடிக்க வேண்டும். இரவல் வாங்கிய ஏணி, ஒரு கால் குட்டை. யாராவது கீழே அழுத்திப் பிடிக்காவிட்டால் ஆடும்.

வாத்தியார் வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் முதல் படியில் கால் வைத்தேன். லாரியில் ஏறிய அண்ணன் நினைவு வர, ஒரு கணம் நின்றேன். அவருக்கும் ஏன் என்று தெரியும். கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"கெட்டியாப் பிடிங்க வாத்தியாரே," என்றேன்.

பிடித்தார். நான் பலகையைத் தோளில் சாத்திக்கொண்டு மேலே ஏறினேன்.